ஊசிப்பாறைத் தெருவில் ஆன் ஆன கேம் பெட்டி

கோவில்பட்டி ரயிலடிக்குத் தெற்கே, தீப்பெட்டி ஆபீஸ் மதிலை ஒட்டிப் போகிற ஊசிப்பாறைத் தெருவில், கிழக்கே குழாயடி தொடங்கி மேற்கே மாவுமில் வரைக்கும் குடியிருக்கிற நாங்கள் அத்தனை பேரும் ஒரு கோடை முழுக்கக் காற்றில் கால் ஊன்றி ஏறி இறங்கினோம் என்று சொன்னால், கேட்கிறவர்கள் அது எப்படி நடந்தது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எங்களுக்கோ எப்படி என்பதில் அன்றைக்கும் அக்கறை இல்லை, இன்றைக்கும் இல்லை, துணி காயப்போடவும் முருங்கைக்காய் பறிக்கவும் அது அவ்வளவு சௌகரியமாக இருந்தது.

ஆனால் யார் வீட்டில் தொடங்கியது என்பது எல்லாருக்கும் தெரியும். கடலைமிட்டாய் போடுகிற பூவலிங்கத்தின் வீட்டில். பூவலிங்கம் கனத்த உடம்புக்காரர், நடந்தால் தெருவில் கிடக்கிற தகரம் அதிரும், பேச்சு மட்டும் வாயை விட்டு எளிதில் வராது. அவர் மனைவி செண்பகவல்லி பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர், ஒரு காலத்தில் மாவட்ட ஹாக்கி அணியில் முன்வரிசையில் ஓடியவர், முழங்கால் அடிபட்ட பிறகு விசில் ஊதுவதோடு நிறுத்திக்கொண்டவர். முந்தின வருஷம் சென்னையில் பெண்பிள்ளைகள் தங்கி விளையாட்டுப் பழகுகிற விடுதி ஒன்றிலிருந்து டீச்சரைக் கோச்சாக வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தச் செய்தியோடு டீச்சர் அடுப்படிக்குப் போனபோது பூவலிங்கம் வெல்லப்பாகைக் கிண்டிக்கொண்டிருந்தார். சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, பாகு பதம் தப்பிவிடும் என்று மட்டும் சொன்னார். பாகு இறங்கியது, கடலையைக் கொட்டியாயிற்று, பலகையில் பரப்பித் துண்டு போட்டாயிற்று, அதற்குப் பிறகும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. டீச்சர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வர முடியாது என்று சென்னைக்குச் சொல்லிவிட்டார். அன்றோடு அந்த வீட்டில் பேச்சு நின்றது. சண்டை இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வது இல்லை, நேரத்துக்குச் சோறு இருந்தது, துவைத்து மடித்த வேட்டி இருந்தது, பேச்சு மட்டும் இல்லை.

அந்த வீட்டில் பேச்சு மிஞ்சியிருந்த ஒரே இடம் கேம் பெட்டி. டீச்சரின் தம்பி வைரவன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறவன், ஒரு லீவுக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. நடுவில் திரையும் இரண்டு பக்கமும் கழற்றி மாட்டுகிற பித்தான் கட்டைகளுமாக, கைக்குள் அடங்குகிற கம்ப்யூட்டர். பொழுது சாய்கிற நேரத்தில் பூவலிங்கம் கடையைச் சாத்திவிட்டு வந்து, திரையை மிட்டாய் டின்னில் சாய்த்து வைப்பார், ஆளுக்கு ஒரு கட்டையைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். மேகத்துக்கு மேல் மிதக்கிற தீவுகளில் ஒரு சிவப்புத் தொப்பிக்காரனும் ஒரு நீலத் தொப்பிக்காரியும் தாவித் தாவி உயரே போகிற விளையாட்டு அது. குதித்து, அந்தரத்தில் இருக்கும்போதே இன்னொரு தடவை பித்தானை அமுக்கினால், காற்றையே படியாக மிதித்து மேலும் ஒரு ஆள் உயரம் போகலாம். ஏறு, எடது பக்கம் பள்ளம், நில்லு நான் தோள் குடுக்கேன் என்று இரண்டு பேரும் அப்போது பேசிக்கொள்வது பக்கத்து வீடுகளுக்குக் கேட்கும். பெட்டியை அணைத்ததும் அதுவும் அணைந்துவிடும்.

ஒரு சாயங்காலம் சிவப்புத் தொப்பிக்காரன் குதிக்கப்போகிற நேரத்தில் திரை இருண்டது. அதற்குப் பிறகு பெட்டி ஆன் ஆகவே இல்லை.

மறுநாள் பூவலிங்கம் வயரை மாற்றிச் சொருகிப் பார்த்தார், வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தார், ஒரு சின்ன வெள்ளை லைட் வந்து வந்து போனதே தவிர திரையில் ஒன்றும் வரவில்லை. ஈரம் இறங்கியிருக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு அதை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தார். சோற்றுக்கு அரிசி அளக்கப் போன டீச்சர் படிக்குள் அது வந்து விழுந்ததைப் பார்த்தார், துடைத்தார், திரும்பப் புதைத்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அது ஓட வேண்டும், அது ஓட வேண்டுமென்றால் அதைப் பற்றிப் பேச வேண்டும், இந்த முடிச்சில் அந்த வீடு சில நாள் கிடந்தது. கடைசியில் டீச்சர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வைரவனுக்குப் போன் போட்டு, சத்தத்தைக் கூட்டி, மிட்டாய் டின்மேல் வைத்தார். கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து, இரண்டு பேருமே சிங்கப்பூரோடு பேசினார்கள்.

வைரவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். ஆன் பித்தானை விடாமல் அமுக்கிப் பிடிக்கச் சொன்னான், பிடித்தார்கள். மெமரி கார்டை உருவித் துடைத்துத் திரும்பச் சொருகச் சொன்னான், சொருகினார்கள். ஒன்றுக்கும் மசியவில்லை என்றதும், சத்தம் குறைக்கிற பித்தானையும் ஆன் பித்தானையும் சேர்த்து அமுக்கு, அது எதிலிருந்து ஓடணும்னு தானே தேடிக்கிடும் என்றான். டீச்சர் இரண்டையும் சேர்த்து அமுக்கினார். வெள்ளை லைட் ஒரு தடவை வந்து, போகாமல் நின்றது. உள்ளே விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. கையில் பெட்டி இளஞ்சூடாக ஆயிற்று. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

அதே நேரத்தில் தெருவில் எங்கள் வார்டு கவுன்சிலர் சீனியம்மாள், கையில் காய்கறிப் பையோடு, தினமும் தாண்டுகிற சாக்கடையைத் தாண்டினார். தாண்டும்போது இந்தச் சாக்கடைக்கு மூடி போடச் சொல்லி எத்தனை கூட்டத்தில் பேசியாயிற்று என்ற நினைப்பு வந்து, அந்தக் கோபத்தில் அந்தரத்திலேயே இன்னொரு எட்டு எடுத்து வைத்தார். வைத்த கால் எதிலோ ஊன்றியது. சீனியம்மாள் மேலே போனார், மாடி ஜன்னல் உயரத்துக்குப் போனார், பிறகு பறவை இறங்குகிறது போல மெதுவாக, ஜன்னலுக்கு மேலே நீட்டியிருந்த சிமெண்டுப் பலகையில் இறங்கி நின்றார். சேலையைச் சரிசெய்தார். கீழே பார்த்தார்.

"யாராவது இந்தப் பையப் பிடிங்க," என்றார்.

பையைப் பிடித்தவர்களும் குதித்துப் பார்த்தார்கள், அவர்களைப் பார்த்தவர்களும் குதித்துப் பார்த்தார்கள், பத்து மணிக்கு இட்லிக் கடை மூடுவதற்குள் தெருவில் பாதிப்பேர் தலைக்கு மேலே இருந்தார்கள். எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு எல்லாரும் பூவலிங்கம் வாசலுக்கு வந்துவிட்டார்கள், ஏனென்றால் அந்த வீட்டில் சாயங்காலம் நடக்கிற விளையாட்டு தெருவுக்கே தெரியும், இரண்டாம் குதி என்பது எங்கிருந்து வந்திருக்க முடியும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. டீச்சர் விஷயத்தைப் போனில் சொன்னபோது வைரவன் கொஞ்சமும் அசரவில்லை.

"அந்த மாடல்ல சிலதுக்கு அப்படி வரும்க்கா. சார்ஜ் மட்டும் எறங்காமப் பாத்துக்கோ."

கடைவீதியில் செல்போன் ரிப்பேர் பார்க்கிற சிக்கந்தர் வரவழைக்கப்பட்டார். அவர் பெட்டியின் பின்மூடியைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பிரஷ்ஷால் தட்டி, காதில் வைத்துக் கேட்டு, திரும்ப மூடினார். பெட்டியில் கோளாறு ஒன்றும் இல்லை, அது நன்றாகத்தான் ஆன் ஆகியிருக்கிறது, எங்கே ஆன் ஆகியிருக்கிறது என்பதில்தான் பிசகு என்று சொன்னார். சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து அவரும் குதித்தார். சாயங்காலம் வரைக்கும் அவர் கடை திறக்கவில்லை.

இப்படியாக அந்தக் கோடை தொடங்கியது, எங்கள் தெரு அதற்குப் பழகிக்கொண்டது, பழகிக்கொள்ள அதிக நாள் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வீடு சண்டை மூட்டிய துணிக்கொடிகள் கீழேயிருந்து மறைந்து, தீப்பெட்டி ஆபீஸ் புகைபோக்கிக்கும் தண்ணீர்த் தொட்டித் தூணுக்கும் நடுவே, காக்கைகளுக்கே மூச்சு வாங்குகிற உயரத்தில் கட்டப்பட்டன. ஈரச்சேலை விரித்துவிட்டு இறங்குவதற்குள் காய்ந்துபோயிற்று. பூக்காரப் பேச்சி மாடி வீட்டுக்காரர்கள் கயிற்றில் கூடை இறக்கும்வரை காத்து நிற்காமல் ஜன்னல் ஜன்னலாகப் போய் முழம் போட்டார். ஈ.பி. லைன்மேன் அந்தோணிராஜ் எங்கள் தெருவுக்கு வருகிற நாளில் ஏணியை ஆபீஸிலேயே வைத்துவிட்டு, தலைவாரி, சென்ட் போட்டுக்கொண்டு வந்தார். மூச்சு வாங்குகிறவர்களுக்கு மூச்சு வாங்கவில்லை, வாயுப்பிடிப்பு இருந்தவர்களுக்கு அது எங்கே பிடித்திருந்தது என்று மறந்துபோயிற்று, கோபத்தில் வீட்டை விட்டு வெளியேறினவர்கள் வாசற்படியில் காலை உதறி வைத்த வேகத்தில் மேலே போய், மேலே போன பிறகு கோபத்தைத் தேடினால் கிடைக்காமல், சிரித்துக்கொண்டே இறங்கி வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். மாவுமில்லுக்கு அப்பால் ஓர் அடி வைத்தால் ஒன்றும் கிடையாது, அங்கே குதித்தால் குதித்த இடம்தான். அதனால் வேலைக்குப் போனவர்கள் தெருமுனை வந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு மேல்வழியாக வந்தார்கள்.

போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, தரையில் இடைஞ்சல் இல்லாதவரைக்கும் இதில் தமக்கு வேலை இல்லை என்று சொல்லிப் போனார். ஆனாலும் ஒழுங்கு வேண்டும் என்று சீனியம்மாள் குழாயடியில் கூட்டம் போட்டார். குளியலறை ஜன்னல் பக்கம் யாரும் போகக் கூடாது. ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே போகக் கூடாது, உள்ளே அரைக்கால் சட்டை இருந்தாலும் கூடாது. மேலே இருந்துகொண்டு கீழே இருக்கிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அம்மன் சப்பரம் வருகிற அன்றைக்கு என்ன செய்வது என்று ஒரு கேள்வி வந்தது. அம்மன் தலைக்கு மேலே மனுஷக் கால் இருக்கலாமா என்று ஒரு பக்கமும், அம்மனையும் நம்மோடு கூட்டிக்கொண்டு போகாமல் நாம் மட்டும் போகலாமா என்று மறு பக்கமும் நெடுநேரம் பேசி, கடைசியில் சப்பரம் தூக்கிகள் பதினாறு பேரும் ஒரே மூச்சில் குதிப்பது என்று முடிவாயிற்று. அந்தப் பங்குனியில் அம்மன் எங்கள் ஓட்டுக் கூரைகளுக்கு மேலே அசைந்து அசைந்து வந்தாள், கொட்டுக்காரர்கள் காற்றில் ஒரு கால் ஊன்றி ஒரு கால் மாற்றி அடித்தார்கள், பூசாரி தட்டோடு ஜன்னல்களில் வந்து விபூதி கொடுத்தார், வருஷக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவர்கள்கூடப் படுத்தபடியே அம்மனை நேருக்கு நேர் பார்த்தார்கள். அன்றைக்குச் சிரித்தது போல நாங்கள் என்றைக்கும் சிரித்ததில்லை, ஏன் சிரித்தோம் என்றும் தெரியவில்லை, அழுகை வந்தவர்களும் சிரித்துக்கொண்டேதான் அழுதார்கள்.

இந்தத் திருவிழாவில் எல்லாரையும்விடக் கிறுகிறுத்துப் போனவர் பூவலிங்கம். முதல் நாள் அவர் குதிக்கத் தயங்கினார், இந்த உடம்பைக் காற்று எங்கே தாங்கும் என்று நின்றார். பேச்சியும் சிக்கந்தரும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். அவர் போனார் பாருங்கள், தெருவில் யாரும் போகாத உயரத்துக்குப் போனார், கனமுள்ளவர்களுக்குத்தான் அது அதிகமாக உதவியது என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. மேலேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது, அது யாருடையது என்று கீழே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், ஏனென்றால் அவர் சிரித்து நாங்கள் கேட்டதில்லை. அதற்குப் பிறகு மிட்டாய்ப் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு போய் மேற்காற்றில் ஆறவைத்தார், அந்த மிட்டாய் வாயில் போட்டால் நாக்கில் உட்காராமல் மிதந்தது என்று வெளியூர்க்காரர்கள் தேடி வந்து வாங்கினார்கள். நாளாக ஆக அவர் பலகையை இறக்கிவிட்டு வெறுங்கையோடும் போனார். தொட்டிக்கும் மேலே ஓர் இடம் கண்டுபிடித்திருந்தார், அங்கே காலை மடக்கி உட்கார்ந்தால் அப்படியே உட்காரலாம், அங்கிருந்து பார்த்தால் கரிசல் காடும் ரயில் பாதையும் தெரியும், யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

குதிக்காமல் இருந்த ஒரே ஆள் செண்பகவல்லி டீச்சர். பெட்டி அவர் கையில்தான் இருந்தது. அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, மணிக்கொரு தரம் தொட்டுப் பார்த்து, சார்ஜ் ஏற்றி, சூடு அதிகமானால் ஈரத்துணியில் சுற்றி, அதையும் தூக்கிக்கொண்டு தரையில் நடந்தே போனார், நடந்தே வந்தார். பெட்டி மாவுமில்லுக்கு அப்பால் போகக் கூடாது என்பதால், பள்ளிக்கூடத்துக்குப் போகிற நேரத்தில் அதைச் சீனியம்மாளிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். டீச்சருக்கு முழங்கால் வலி என்று சிலர் சொன்னார்கள், பொறுப்பு என்று சிலர் சொன்னார்கள். சாயங்காலத்தில் அவர் அண்ணாந்து அந்தத் தொட்டிப் பக்கம் பார்ப்பதையும், உடனே பார்வையை இறக்கிக்கொள்வதையும் நாங்கள் பார்த்தோம். பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் அதில் விளையாட முடியாது. எல்லாருக்கும் ஒரு சந்தோஷம் வந்த அந்த நேரத்தில் அந்த வீட்டில் மட்டும் இருந்த நாலு வார்த்தையும் போயிருந்தது.

சித்திரையில் ஒரு நாள் மின் பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்ட் இருக்காது என்று அந்தோணிராஜ் வந்து சொன்னார். நாங்கள் பயப்படவில்லை, வீட்டுக்கு வீடு பவர் பேங்க் கொண்டுவந்து டீச்சர் வாசலில் குவித்தோம். ஆனால் பெட்டி அன்றைக்கு அனலாகக் கொதித்தது, விசிறி பூச்சி போல இரைந்தது, ஒவ்வொரு பவர் பேங்கையும் ஒரே மிடறில் குடித்துத் தீர்த்தது. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் வெள்ளை லைட் சிவப்பாயிற்று. டீச்சர் சிங்கப்பூருக்குப் போன் போட்டார். வைரவன் இந்தத் தடவை யோசித்துத்தான் பேசினான். அதை இதற்கு மேல் ஓடவிடக் கூடாது, எரிந்துபோகும், பின்மூடியைக் கழற்றி பேட்டரிப் பட்டையைப் பிடுங்கிவிட்டு, சூடு ஆறும்வரை வைத்திருந்து, திரும்ப மாட்டு, அப்புறம் ஒழுங்காகத் தனக்குள்ளேயே ஓடும் என்றான். பிடுங்குவதற்கு முன்னால் எல்லாரும் தரைக்கு வந்துவிட்டார்களா என்று மட்டும் பார்த்துக்கொள் என்றான்.

சீனியம்மாள் தெருவின் நடுவில் நின்று கையைத் தட்டிக் கூப்பிட்டார். எல்லாரும் இறங்கினார்கள். பேச்சி கூடையோடு இறங்கினார், புகைபோக்கிப் பக்கம் மாங்காய் தின்றுகொண்டிருந்த கல்லூரிப் பெண்கள் இறங்கினார்கள், சிக்கந்தர் மனசே இல்லாமல் இறங்கினார். பூவலிங்கம் இறங்கவில்லை.

கூப்பிட்டது கேட்கவில்லையோ என்று எல்லாரும் சேர்ந்து கூப்பிட்டோம். அவர் எட்டிப் பார்த்தார். இறங்கத்தான் பார்க்கிறேன், கீழே கால் வைத்தால் ஒன்றும் இல்லை என்று சொன்னார். ஒரு காலை நீட்டித் துழாவியும் காட்டினார். மேலே போகிறவர்களுக்குப் படி தந்த காற்று, சிவப்பு லைட் வந்த பிறகு அவ்வளவு உயரத்திலிருந்து கீழே வருகிறவருக்குப் படி தர மறுத்தது. அவர் விழவும் இல்லை, இறங்கவும் இல்லை, உட்கார்ந்த இடத்தில் ஆணி அடித்தது போல நின்றுபோயிருந்தார். அந்தோணிராஜ் குதித்துப் போய்ப் பார்த்தார், பாதி உயரத்துக்கு மேலே அவருக்கும் படி கிடைக்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் இருந்து ஏணி வந்தது, எட்டவில்லை. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிவிட்டோம், அது கயத்தாறு பக்கம் ஒரு வைக்கோற்போர் தீக்குப் போயிருந்தது. பையில் பெட்டியின் சிவப்பு லைட் மினுக்கத் தொடங்கியது. அது அணைந்தால் அவர் கதி என்ன என்று நாங்கள் பையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தோம்.

அந்த விளையாட்டில் ஒருத்தர் எட்ட முடியாத உயரத்துக்கு இன்னொருத்தர் தோள் கொடுத்து ஏற்றுவார் என்பதும், மேலே மாட்டிக்கொண்டவரைக் கைகோத்துத்தான் இறக்க முடியும் என்பதும் எங்களுக்கு எப்படித் தெரியும்? அது தெரிந்த இரண்டு பேரில் ஒருவர் மேலே இருந்தார், ஒருவர் கீழே இருந்தார். டீச்சர் தோள்பையைக் கழற்றிச் சீனியம்மாளிடம் கொடுத்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குழாயடி வரைக்கும் பின்னால் நடந்து போய், திரும்பி, ஓடினார். முழங்கால் அடிபட்ட நாளுக்குப் பிறகு அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. அந்தோணிராஜும் சிக்கந்தரும் கை கோத்துக் குனிந்து நின்றார்கள், அவர்கள் கையில் ஒரு கால் வைத்து அவர் குதித்தார், அந்தரத்தில் இன்னொரு எட்டு வைத்தார், கொடியில் காய்ந்த சேலைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன, படி முடிந்த இடத்தில் படி இல்லாமலேயே இன்னும் ஒரு எட்டு வைத்தார். எதை மிதித்தார் என்று பிறகு கேட்டபோது, பூவலிங்கம் கையை நீட்டியிருந்தார் என்று மட்டும் சொன்னார்.

இரண்டு பேரும் தொட்டிக்கு மேலே, வெயிலில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தெரு முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பது போல நின்றோம். அவ்வளவு அமைதியில் அவர்கள் பேசியது கீழே தெளிவாகக் கேட்டது.

"ஏன் வந்த? நீயும் மாட்டிக்கிட்டயே."

"லைட் மினுக்குது. பேசணும்னா இப்பவே பேசுங்க."

பூவலிங்கம் ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ மெட்ராஸ்னு சொன்ன அன்னைக்கு எனக்குப் பயமாப் போச்சு. போன்னு சொன்னா போயிருவ. போகாதன்னு சொல்ல எனக்கு என்ன பாத்தியதை இருக்கு. ரெண்டையும் சொல்லாம இருந்துட்டா, அது அப்பிடியே நின்னுரும்னு நெனச்சேன்."

"நின்னுதான் போச்சு."

"ஆமா. எல்லாமே நின்னுபோச்சு."

"நீங்க போன்னு சொல்லணும்னு நான் காத்துக்கிட்டு இல்ல," என்றார் டீச்சர். "ஒனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேப்பீகன்னுதான் இருந்தேன்."

கீழே மினுக்கிக்கொண்டிருந்த லைட்டைச் சீனியம்மாள் உள்ளங்கையால் மூடிக்கொண்டார், அதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்.

"இப்பக் கேக்கேன்," என்றார் பூவலிங்கம். "ஒனக்கு என்ன வேணும்?"

டீச்சரின் குரல் சின்னப் பிள்ளையின் குரல் போல இருந்தது. "ஓடணும்ங்க. மட்டையத் தூக்கிட்டு அந்தப் பிள்ளைக கூட மைதானத்துல ஓடணும். ஒங்களையும் விடக் கூடாது."

பூவலிங்கம் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அவர் டீச்சரின் கையைப் பிடித்தார், டீச்சர் கீழே ஒரு கால் வைத்தார், கால் ஊன்றியது. பூவலிங்கமும் ஒரு கால் வைத்தார், அதுவும் ஊன்றியது. வீட்டு மாடியிலிருந்து இறங்குகிறவர்கள் போல, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கீழே பார்த்துப் பார்த்து, படிப்படியாக இறங்கி வந்தார்கள், நடுவில் ஒரு தடவை பூவலிங்கத்துக்குச் சிரிப்பு வந்து நிற்க வேண்டியதாயிற்று, டீச்சருக்கும் தொற்றிக்கொண்டது, கீழே எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. அவர்கள் கால் மண்ணில் பட்டபோது தெருவே ஆள்மாற்றி ஆள் கட்டிக்கொண்டது.

சிக்கந்தர் பின்மூடியைக் கழற்றினார். பட்டையைப் பிடுங்கியது டீச்சர். சத்தம் ஒன்றும் இல்லை, ஆனால் எங்கள் எல்லாருக்கும் தோளிலும் முட்டியிலும் ஏதோ வந்து உட்கார்ந்தது போல இருந்தது, பழைய கனம்தான், கொஞ்ச நாள் விட்டுப் பிடித்ததால் புதுசாகத் தெரிந்தது. பேச்சி கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு மூக்கைச் சிந்தினார். சீனியம்மாள் சாக்கடைப் பக்கம் போய்த் தாண்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் போய் விழுந்தார், அவ்வளவுதான். மூடி போட்டே ஆகணும் என்று சொல்லிக்கொண்டு எழுந்தார். உயரக் கொடிகளில் மாட்டிக்கொண்ட துணிகளை இறக்க அந்தோணிராஜ் ஆபீஸுக்குப் போய் நீள ஏணியைத் தூக்கிக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

பெட்டி ஆறியதும் பட்டையை மாட்டி, ஆன் பித்தானை அமுக்கினார்கள். கம்பெனி முத்திரை வந்தது, பிறகு மேகம் வந்தது, பிறகு தீவு வந்தது, சிவப்புத் தொப்பியும் நீலத் தொப்பியும் முதல் தீவின் அடிவாரத்தில், ஒன்றுமே ஏறாதவர்கள் போல நின்றன. இத்தனை நாள் ஏறியதெல்லாம் போயிற்று. டீச்சர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு மிட்டாய் டின்மேல் சாய்த்து வைத்தார், போனை எடுத்தார். சென்னை விடுதிக்கு நம்பர் போட்டார். நாங்கள் யாரும் வாசலை விட்டு நகரவில்லை, யாரும் எங்களைப் போகச் சொல்லவும் இல்லை. எடுத்த அம்மாள், டீச்சருக்குப் பதிலாகப் போட்ட கோச் வேலையில் நிலைக்கவில்லை, இடம் காலியாகத்தான் கிடக்கிறது, எப்போது வர முடியும் என்று கேட்டார். டீச்சர் பூவலிங்கத்தைப் பார்த்தார்.

"திங்கக்கெழமைன்னு சொல்லு," என்றார் பூவலிங்கம்.

திங்கட்கிழமை சேர வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை பகல் ரயிலில் ஏற வேண்டும். வழியனுப்ப ஊசிப்பாறைத் தெரு முழுக்கப் பிளாட்பாரத்தில் நின்றது. பூவலிங்கம் பெட்டி படுக்கையை ஏற்றிவைத்து, சீட்டைத் துடைத்து, ஜன்னலோரம் டீச்சரை உட்கார வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். தண்ணீர் பாட்டிலைக் காலடியில் வைக்காதே என்றார். முழங்காலுக்குக் கொண்டுவந்த தைலத்தைத் தினமும் தேய்க்க வேண்டும் என்றார். அங்கே சாம்பாரில் வெல்லம் போடுவார்களாம், பிடிக்காவிட்டால் சொல்லிவிடு என்றார். அப்புறம் ஒரு வருஷத்துக்கு முன்னால் பக்கத்துக் கடைக்காரர் சொன்ன ஒரு வேடிக்கையைச் சொன்னார், அப்புறம் கல்யாணத்தன்றைக்குத் தமக்குச் செருப்புக் கடித்ததைச் சொன்னார், அப்புறம் சின்ன வயசில் தண்டவாளத்தில் காது வைத்து ரயில் சத்தம் கேட்டதைச் சொன்னார். டீச்சர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் கையை ஆட்டினோம், ஆட்டிய கையை அவர்கள் பார்க்கவில்லை, சிக்னல் விழுந்தது, ரயில் நகர்ந்தது.

சாத்தூர் தாண்டுகிற நேரத்தில்தான் தாம் ரயிலுக்குள் இருக்கிறோம் என்பது பூவலிங்கத்துக்கு உறைத்ததாம். சட்டைப் பையில் டிக்கெட்டும் இல்லை, வீட்டில் கதவும் பூட்டவில்லை. விருதுநகரில் இறங்கித் திரும்பிவிடுகிறேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாராம். விருதுநகரிலும் அவர் இறங்கவில்லை.